ஒரே கட்டளை, இரண்டு சேர்வர்: கல்லடியில் ஐந்து பேரின் ஷெல் கோப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து ஐந்து பேர் வேலை செய்கிறோம். இணையத்தளம் கட்டிக் கொடுப்பதும் அவற்றைப் பராமரிப்பதும் தொழில். நான் மட்டக்களப்பு நகரத்துக்காரன். எங்களில் மூத்தவர் காத்தான்குடிக் காக்கா (காக்கா என்றால் அண்ணன்). ஆரையம்பதியிலிருந்து வரும் மச்சான் வடிவமைப்பைப் பார்க்கிறார். கல்முனையிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் தங்கச்சி ஒருத்தி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சிக்கு வரும் தம்பி ஒருவன்.

ஆளுக்கொரு மெஷின். எனக்கும் காக்காவுக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் லப்டொப், பாஷ் ஷெல். ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல். தங்கச்சிக்கு மெக்புக், அதில் இசட்ஷெல். மச்சானுக்கு விண்டோஸ், அதற்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக ஒரு லினக்ஸ். தம்பிக்கு ஓப்பிஸ் மூலையில் இருக்கும் பழைய டெஸ்க்டொப். இந்த ஐந்திலும் ஷெல்லின் அமைப்புக் கோப்புகளை அவரவர் தங்கள் விருப்பப்படி எழுதி வைத்திருந்தோம். அது யாருக்கும் ஒரு பிரச்சினையாகத் தெரிந்ததில்லை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரை.

அந்த வெள்ளிக்கிழமை

மாரி காலம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மஃரிப் தொழுதுவிட்டுக் காக்கா திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை, அவருடைய லப்டொப் பேட்டரியும் இறங்கிக் கிடந்தது. "தம்பி, உங்கட மெஷினத் தாங்க, டெஸ்ட் சேர்வருக்கு ஒண்டு ஏத்திப் பார்க்கணும்" என்றார். கொடுத்துவிட்டு நான் பிளேன்டீ போட உள்ளே போனேன். அவர் எங்கள் ரெப்போவிலிருந்து (கோப்புகளை வரலாற்றோடு சேமித்து வைக்கும் களஞ்சியம்) தன்னுடைய கிளையை எடுத்து, எப்போதும் அடிப்பதுபோல "அப்" என்று அடித்தார். வேலை முடிந்தது என்று திரையில் வந்தது. மூடி வைத்தார்.

அவருடைய மெஷினில் "அப்" என்ற ஏலியஸ், அதாவது சுருக்குப் பெயர், கோப்புகளை நாங்கள் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சேர்வருக்கு அனுப்பும். என்னுடைய மெஷினில் அதே "அப்" நேராக, வாடிக்கையாளர்கள் பார்க்கும் லைவ் சேர்வருக்கு அனுப்பும். இரண்டு பேரும் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது இருவருக்குமே தெரியாது. தெரிய வழியும் இல்லை. அது அவரவர் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் பெயருடன் கண்ணில் படாமல் கிடக்கும் கோப்பு.

பாசிக்குடாவில் விருந்தினர் விடுதி ஒன்றின் முன்பதிவுத் தளம் அது. பாதி முடிந்த பக்கம் ஏறி, எல்லா அறைக்கும் வாடகை 100 ரூபாய் என்று காட்டிக்கொண்டிருந்தது. சோதனைக்காகப் போட்ட எண். எட்டு மணிபோல உரிமையாளர் அழைத்தார். பழைய பதிப்பைத் திரும்ப ஏற்ற பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இடையில் வந்த ஒரேயொரு முன்பதிவுக்காரரிடம் விளக்கிச் சொன்னோம். நல்ல மனிதர், ஏற்றுக்கொண்டார்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது.

யார் ஏற்றியது என்று பார்க்க, சேர்வரின் உள்நுழைவுப் பதிவைத் திறந்தேன். 13:40 என்று இருந்தது. பகல் ஒன்று நாற்பது. அந்த நேரம் காக்கா ஜும்மாவுக்குப் போயிருந்தார், நான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன், மற்ற இருவரும் அன்று வரவில்லை. ஓப்பிஸில் இருந்தது தம்பி மட்டும். அவனுடைய டெஸ்க்டொப்பில் கட்டளை வரலாற்றைப் பார்த்தால், அன்றைய நாளின் ஒரு வரிகூட இல்லை. "ஏன்டா அழிச்ச?" என்று நான் கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. "அண்ணன், நான் ஒண்டும் அழிக்கல்ல. லைவ் பக்கம் போகவும் இல்ல" என்றான். நான் நம்பவில்லை.

இரண்டு விஷயத்தில் நான் பிழை. முதலாவது நேரம். சேர்வர்கள் பொதுவாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். 13:40 என்பது இங்கே இரவு 7:10. இரண்டாவது வரலாறு. பாஷ் ஷெல் நாம் அடிக்கும் கட்டளைகளை நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ஷெல்லை முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதும். டெஸ்க்டொப்புக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் போன கணமே அன்றைய வரலாறும் போய்விட்டது. அவன் எதையும் அழிக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பதிவு வரியின் கடைசியிலேயே, எந்தச் சாவியால் (ஒவ்வொரு மெஷினும் சேர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் இரகசியக் கோப்பு) உள்ளே வந்தார்கள் என்று காட்டும் கைரேகை இருந்தது. அவசரத்தில் நேரத்தை மட்டும் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் தங்கச்சிதான் அந்தக் கைரேகையை ஒவ்வொரு மெஷினின் சாவியோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அது என்னுடைய சாவி. என் லப்டொப்பில் திறந்தபடியே இருந்த டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) வரலாற்றைப் பார்த்தால் கடைசி வரி "அப்".

காக்கா திகைத்துப் போனார். "உங்கட மெஷினில 'அப்' எண்டு அடிச்சா எங்க போகும்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, நடந்ததை அவரே சொன்னார். நான் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த ஆய்வை எழுத ஒத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். ஒரு கட்டளை பிழைத்தால் திருத்தலாம். ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் சந்தேகப்பட்டதை எந்தக் கட்டளையாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஐந்து கோப்புகளையும் ஒரே மேசையில்

திங்கட்கிழமை ஐந்து பேரும் தங்கள் ஷெல் கோப்புகளைத் திரையில் திறந்து வைத்து வரி வரியாகப் பார்த்தோம். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இன்னொருவர் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதுபோல.

கணினியில் அதிகம் புழங்காதவர்களுக்கு ஒரு சொல். ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல். பாஷ் 1989இல் பிரையன் பொக்ஸ் குனூ திட்டத்துக்காக எழுதியது; இசட்ஷெல் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. ஷெல் திறக்கும்போதெல்லாம் சில கோப்புகளை வாசிக்கும்; பாஷ் வாசிப்பது பாஷ்ஆர்சி என்ற கோப்பு. நம் சுருக்குப் பெயர்கள், பாதைகள், ப்ரொம்ப்ட்டின் (கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்து) நிறம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் தெரியாது. இது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடுகூட இல்லை. யுனிக்ஸின் ஆரம்ப காலத்தில், அடைவைப் பட்டியலிடும்போது அந்த அடைவையும் அதன் மேலடைவையும் குறிக்கும் புள்ளிகளை மறைக்க யாரோ ஒரு குறுக்கு வழி எடுக்க, புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோனது என்று ரொப் பைக் 2012இல் எழுதினார். அன்றைக்கு எடுத்த குறுக்கு வழி, கல்லடி வரை வந்துவிட்டது.

ஐந்து கோப்புகளிலும் கிடைத்தவற்றை மூன்றாகப் பிரித்தோம். எல்லோருக்கும் தேவையான, எல்லோரும் தனித்தனியே எழுதி வைத்திருந்த பொதுவானவை முதல் வகை. சேர்வருக்குள் நுழையும் சுருக்குகள், லொக் (பதிவுக் கோப்பு) பார்க்கும் சுருக்குகள் எல்லாம் இதில் அடங்கும். ஒரே வேலைக்கு ஐந்து பெயர். அடுத்தது முற்றிலும் அவரவருக்கானது: காக்காவின் எடிட்டர் அமைப்பு, தங்கச்சியின் நிறங்கள். மூன்றாவது வகை அங்கே இருந்திருக்கவே கூடாதது. லைவ் சேர்வருக்கு ஏற்றும் கட்டளையும், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் இரகசியச் சாவியும்.

என் கருத்து அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: லைவுக்கு ஏற்றும் கட்டளை யாருடைய ஷெல் கோப்பிலும் இருக்கக் கூடாது. அது அந்தத் தளத்தின் ரெப்போவுக்குள், எல்லோரும் பார்க்கும் ஸ்கிரிப்டாக (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு), எந்தச் சேர்வர் என்று பெயர் சொல்லிக் கேட்கும் ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும். அதை அன்று மத்தியானத்துக்குள் செய்து முடித்தோம். உண்மையில் விபத்துக்கான மருந்து அதுதான். கருவிகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் எடுத்த கருவி

மீதி இரண்டு வகையையும் எப்படி வைத்துக்கொள்வது, எப்படிப் பகிர்வது? குனூ ஸ்டோ என்ற கருவியை எனக்குப் பழக்கம். 1990களிலிருந்து இருக்கும் எளிய கருவி. கோப்புகளை ஒரு ஃபோல்டரில் வைத்து ஜிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் என்ற பெயரில் பதிந்து வைக்கும் கருவி) போட்டுவிட்டால், ஹோம் ஃபோல்டரில் அவற்றுக்கு இணைப்புகளை ஸ்டோ உருவாக்கும். ஒரே ஆள், ஒரே மாதிரி இரண்டு மெஷின் என்றால் இதைவிட நல்லது தேவையில்லை என்றே சொல்வேன்.

எங்களுக்கு அது ஒரு வாரம்தான் தாங்கியது. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் ஸ்டோ மறுத்துவிடும். அது நல்ல குணம். ஆனால் "எடுத்துக்கொள்" என்று ஒரு தெரிவு உண்டு. அதைக் கொடுத்தால், இருக்கும் கோப்பை ரெப்போவுக்குள் நகர்த்தி, ரெப்போவில் இருந்ததை அதனால் மூடிவிடும். மச்சான் அதைக் கொடுத்தார். பொதுக் கோப்பு இருந்த இடத்தில் அவருடைய சொந்தக் கோப்பு வந்து உட்கார்ந்தது. ஜிட்டில் இருந்ததால் மீட்டோம். அதைவிடப் பெரிய தடை மெக்புக். ஒரே கோப்பு லினக்ஸிலும் மெக்கிலும் அப்படியே ஓடாது. இணைப்பு போடும் கருவிக்கு மெஷினுக்கு ஏற்ப உள்ளடக்கத்தை மாற்றத் தெரியாது, அது அதன் வேலையும் இல்லை.

ஷேமுவா

தங்கச்சி கொண்டு வந்த கருவி ஷேமுவா. பிரெஞ்சில் "என் வீட்டில்" என்று பொருள். டொம் பெய்ன் என்பவர் கோ மொழியில் எழுதிய திறந்த மூல நிரல். இது இணைப்புப் போடுவதில்லை. மூலக் கோப்புகளை ஒரு தனி ஃபோல்டரில், ஜிட் ரெப்போவாக வைத்திருக்கும். "அப்ளை" என்றதும் அவற்றிலிருந்து உண்மையான கோப்புகளை உருவாக்கி ஹோம் ஃபோல்டரில் எழுதும்.

எங்களைப் பிடித்து இழுத்தது இரண்டு விஷயம்.

ஒன்று, டெம்ப்ளேட். கோப்புக்குள்ளேயே "இயங்குதளம் டார்வின் என்றால் இந்த வரி, லினக்ஸ் என்றால் அந்த வரி" என்று எழுதலாம். டார்வின் என்பது மெக்கின் அடித்தளப் பெயர். மெஷின் பெயரை வைத்தும் பிரிக்கலாம். மின்னஞ்சல் முகவரி போன்றவற்றை முதல் தடவை மட்டும் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும்.

மற்றது, "டிஃப்". எழுதுவதற்கு முன், எந்தக் கோப்பில் எந்த வரி போகும், எந்த வரி வரும் என்று காட்டும். நாம் கையால் ஹோம் ஃபோல்டரில் எதையாவது மாற்றியிருந்தால், "நான் கடைசியாக எழுதியதற்குப் பிறகு இது மாறியிருக்கிறது, என்ன செய்ய?" என்று நின்று கேட்கும். மேலெழுதலாம், தவிர்க்கலாம், வித்தியாசத்தைப் பார்க்கலாம். பேசாமல் அழிப்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, செய்வதற்கு முன் கேட்கும் எதையும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் காக்கா உடன்படவில்லை. "என்ட பாஷ்ஆர்சி பதினைஞ்சு வருஷமா நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. அத இன்னொராள் ஒரு கமிட்டால மாத்த ஏலாது" என்றார். அவர் சொன்னது நியாயம். ஷேமுவா அடிப்படையில் ஒரு ஆளுக்கானது: ஒருவரின் அமைப்பை அவருடைய பல மெஷின்களில் ஒரே மாதிரி வைத்திருக்க. ஐந்து பேரின் வீட்டுக் கோப்பை ஒரே ரெப்போவில் போட்டால், ஒருவரின் ரசனை மற்ற நால்வர் மேல் ஏறும்.

அதனால் இரண்டு தட்டாக வைத்தோம். முதல் தட்டு குழுவின் சிறிய ரெப்போ. அதில் பொதுவான சுருக்குகளும் செயல்களும் மட்டும். இரண்டாவது தட்டு அவரவர் சொந்த ரெப்போ. விரும்புபவர் ஷேமுவாவில் வைத்துக்கொள்வார், விரும்பாதவர் விட்டுவிடுவார். இரண்டையும் இணைப்பது அவரவர் ஷெல் கோப்பில் ஒரே ஒரு வரி: குழுவின் கோப்பு இருந்தால் அதை வாசி. அந்த வரிக்குப் பிறகு சொந்த அமைப்பு வரும். ஆகவே மோதினால் சொந்தமே வெல்லும். மோதாமல் இருக்கவே குழுவின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் "கல்" என்று முன்னொட்டு வைத்தோம். லொக் பார்க்க "கல்லொக்", சேர்வருக்குள் போக "கல்போ". கல்லடியின் கல்.

ஷேமுவாவில் வெளிமூலம் என்று ஒரு வசதி இருக்கிறது. இன்ன ஜிட் ரெப்போவை இன்ன இடத்தில் வை, இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பி என்று சிறிய கோப்பில் எழுதிவிடலாம். நாங்கள் 24 மணி நேரம் என்று வைத்தோம். "அப்ளை" செய்யும்போது அந்த நேரம் கடந்திருந்தால் அதுவே போய் எடுத்து வரும். காக்கா ஷேமுவா இல்லாமல், குழுவின் ரெப்போவைக் கையால் இழுத்துக்கொள்கிறார். அதுவும் வேலை செய்கிறது. இந்த ஏற்பாட்டில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்: பொதுவுக்குள் வர, தன் வீட்டை யாரும் இடிக்க வேண்டியதில்லை.

மெக்கும் லினக்ஸும்

குழுவின் கோப்பு பாஷிலும் இசட்ஷெல்லிலும் ஓட வேண்டும். மெக் 2019இலிருந்து இசட்ஷெல்லை இயல்பாகக் கொடுக்கிறது. அதனோடு வரும் பாஷ் இன்னும் 3.2 பதிப்பு, பெயரைச் சாவியாகக் கொண்ட அணிகள் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் பட்டியல்கள்) அதில் இல்லை. பாஷில் அணியின் முதல் இடம் 0, இசட்ஷெல்லில் 1. எஸ்ஈடி கட்டளையால் கோப்பை அந்த இடத்திலேயே திருத்த, மெக்கில் கூடுதலாக ஒரு வெற்றுச் சரம் கொடுக்க வேண்டும், லினக்ஸில் கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தங்கச்சியின் மெஷினில் உடைந்து, அவள் பொறுமையாகச் சொல்லி, நாங்கள் கற்றது. கடைசியில் பொதுக் கோப்பில் இரண்டுக்கும் பொதுவான எளிய எழுத்து மட்டும் என்று முடிவெடுத்தோம். ப்ரொம்ப்ட் மட்டும் இரண்டு தனிக் கோப்பு.

ப்ரொம்ப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லைவ் சேர்வருக்குள் போனால் ப்ரொம்ப்ட் சிவப்பாக மாற வேண்டும், டெஸ்ட் என்றால் பச்சை. நிறத்துக்கு எண் உண்டு: 31 சிவப்பு, 32 பச்சை. தம்பிதான் எழுதினான், அழகாக வந்தது. இரண்டு நாள் கழித்து மச்சான் கூப்பிட்டார். நீளமான கட்டளை ஒன்றை அடித்துக்கொண்டு போனால், வரி முடிந்ததும் கீழே இறங்காமல், அதே வரியின் தொடக்கத்துக்கு வந்து முதலில் அடித்த எழுத்துகளின் மேலேயே ஏறி எழுதியது. மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையை எடுத்தால் பாதி எழுத்து பழையதும் பாதி புதியதுமாகக் கலந்து நின்றது. திரையில் இருப்பது ஒன்று, உண்மையில் ஓடப்போவது இன்னொன்று. லைவ் சேர்வரில் இது விளையாட்டான விஷயம் அல்ல.

காரணம் எளியது. நிறத்துக்கான குறியீடுகள் திரையில் இடம் பிடிக்காது. ஆனால் பாஷுக்கு அது தெரியாது. அவற்றையும் எழுத்துகளாக எண்ணி, வரி எங்கே முடியும் என்று தப்பாகக் கணக்குப் போடும். அந்தக் குறியீட்டின் இரு பக்கமும் பின்சாய்வும் சதுர அடைப்பும் இட்டு "இது கண்ணுக்குத் தெரியாதது" என்று சொல்ல வேண்டும். இசட்ஷெல்லில் அதே வேலைக்குச் சதவீதக் குறியும் சுருள் அடைப்பும். தம்பி நான்கு குறிகள் சேர்த்தான். சரியாகிவிட்டது.

"ஷெல் சுத்தமாக இருக்கிறதா?"

அவனே இன்னொன்றும் கண்டுபிடித்தான். சேர்வருக்குள் நுழைந்ததும் "வணக்கம், இது லைவ் சேர்வர்" என்று தமிழில் ஒரு வரி காட்டினால் நல்லது என்று எனக்குத் தோன்றி, சேர்வரின் பாஷ்ஆர்சியின் தலைப்பில் நானே எழுதிவிட்டேன். அன்று மாலையே ஏற்றும் ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. கோப்புகளை அனுப்ப அந்த ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் ஆர்சிங்க் என்ற கருவி, நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி, கூடவே "உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டது. என்ன கேள்வி இது என்று எல்லோரும் பார்த்தோம்.

தொலைவிலிருந்து ஒரு கட்டளையை ஓட்டும்போதும் பாஷ் அந்தக் கோப்பை வாசிக்கும். மனிதர் யாரும் முன்னால் இல்லை. மறுமுனையில் ஆர்சிங்க் தன் மொழியில் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அதற்குப் போய் நாங்கள் வணக்கம் சொன்னோம். உபுண்டுவின் பாஷ்ஆர்சியில் தொடக்கத்திலேயே, மனிதர் அடிக்கும் ஷெல் இல்லையென்றால் இங்கேயே நிறுத்து என்று ஒரு சோதனை இருக்கிறது. நான் அதற்கு மேலே எழுதியிருந்தேன். கீழே இறக்கினோம். குழுவின் கோப்புக்கு இதிலிருந்து ஒரு விதி கிடைத்தது: திறக்கும்போது எதையும் அச்சிடாதே. அதோடு இன்னொன்று: திறக்கும்போது இணையத்தைத் தொடாதே. ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போது ரெப்போவை இழுத்துப் பார்க்கும்படி முதலில் வைத்திருந்தோம். மழையில் சிக்னல் விழும்போது டெர்மினலே திறக்காமல் நின்றது.

மச்சானின் விண்டோஸ் பக்கத்தில் வந்தது பழைய வியாதி. விண்டோஸ் எடிட்டர் வரி முடிவில் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் எல்லாக் கட்டளையும் "இல்லை" என்று வந்தது. ரெப்போவில் வரி முடிவைக் கட்டாயப்படுத்தும் ஒரு வரிக் கோப்போடு முடிந்தது.

சாவி

இது என் பிழை. பொதுவானவற்றை என் பாஷ்ஆர்சியிலிருந்து வெட்டிக் குழுவின் ரெப்போவில் ஒட்டும்போது, எஸ்எம்எஸ் சேவையின் சாவி இருந்த வரியும் சேர்ந்து போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் கண்டு, அடுத்த கமிட்டில் அழித்தேன். அழித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் தம்பி வந்து, "அண்ணன், இதப் பாருங்க" என்றான். ஜிட்டின் வரலாற்றை மாற்றங்களோடு காட்டும் கட்டளையை ஓட்டியிருந்தான். சிவப்பு எழுத்தில், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு, சாவி முழுதாக நின்றது. நான் அழித்த கமிட்டே அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஜிட்டில் கோப்பிலிருந்து நீக்குவது, வரலாற்றிலிருந்து நீக்குவது ஆகாது. ரெப்போவை இழுத்த ஐந்து மெஷினிலும் அது இருந்தது.

செய்த வரிசை முக்கியம் என்பதால் எழுதுகிறேன். முதலில் சேவையின் பக்கத்துக்குப் போய் அந்தச் சாவியை ரத்துச் செய்து புதிது எடுத்தோம். அது முடிந்த பிறகுதான் ஃபில்டர் ரெப்போ என்ற கருவியால் வரலாற்றைச் சுத்தம் செய்து, எல்லோரும் புதிதாக இழுத்துக்கொண்டோம். சுத்தம் செய்துவிட்டோமே, சாவி இருக்கட்டும் என்று விடுவது ஆபத்து. வெளியே போன இரகசியம் போனதுதான்.

இப்போது இரகசியங்கள் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் இருக்கின்றன. ஷேமுவாவின் டெம்ப்ளேட்டில் "பெட்டகத்திலிருந்து இந்தப் பெயரில் இருப்பதை எடு" என்று மட்டும் எழுதியிருக்கும். அப்ளை செய்யும்போது எடுத்து நிரப்பும், ரெப்போவுக்குள் போகாது. ஆனால் நிரப்பிய கோப்பு டிஸ்க்கில் வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும் என்பதை மறக்கக் கூடாது. மூலக் கோப்பின் பெயருக்கு முன்னால் "பிரைவேட்" என்று சேர்த்தால், உரிமையாளர் மட்டும் வாசிக்கும் அனுமதியோடு எழுதும். அதைச் சேர்த்திருக்கிறோம். சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் தனிச்சாவிகளை எந்த ரெப்போவிலும் வைப்பதில்லை; புது மெஷினுக்குப் புதுச் சாவி.

இப்போதைய நிலை

குழுவின் பொதுக் கோப்பு இன்று அறுபது வரிக்குள் நிற்கிறது. அதைப் பெரிதாக விடுவதில்லை என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம். புது வரி சேர்க்க விரும்புபவர் ஒரு கிளையில் போட்டு, இன்னொருவரிடம் வாயால் விளக்க வேண்டும். கேட்பவர் எப்போதும் தம்பி அல்லது அடுத்து வரும் புதியவர். அவருக்கு விளங்கவில்லை என்றால் வரி உள்ளே போகாது. "டைப்" கட்டளையை எல்லோரும் பழகிவிட்டோம். எந்தப் பெயருக்கும் முன்னால் அதை அடித்தால், அது சுருக்குப் பெயரா, செயலா, கோப்பா என்று சொல்லிவிடும்; சுருக்குப் பெயர் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் காட்டும். மற்றவரின் மெஷினில் உட்காரும்போது முதலில் அடிப்பது அதைத்தான்.

வரலாறும் இப்போது நேரத்தோடு பதிகிறது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் உடனே கோப்பில் எழுதும்படி ப்ரொம்ப்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். கரண்ட் போனாலும் தம்பியின் டெஸ்க்டொப்பில் அன்றைய வேலை இருக்கும். சேர்வர்களில் நாங்கள் உள்ளே போனால் எங்களுக்குக் காட்டும் நேரம் கொழும்பு நேரம். பதிவுக் கோப்புகளை யூடிசியிலேயே விட்டிருக்கிறோம், ப்ரொம்ப்ட்டில் இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இந்த மூன்று வரியைக் குழுவின் கோப்பில் எழுதியது தம்பி. அதற்கு மேலே ஏன் என்று ஒரு குறிப்பு வேண்டும் என்று நான் கேட்டேன். அவன் தன் கதையை எழுதவில்லை. "கரண்ட் போனாலும் வரலாறு இருக்க" என்று மட்டும் எழுதினான்.

தீராதது ஒன்று இருக்கிறது. சேர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக மாறினால் எங்கள் கோப்பு எதுவும் வாசிக்கப்படாது. சிவப்பு ப்ரொம்ப்ட்டும் வராது. மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடத்தில்தான் எச்சரிக்கை இல்லை. ரூட்டின் அமைப்பைக் குழுவின் ரெப்போவோடு இணைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஐந்து பேரில் யார் தள்ளும் வரியும் ரூட்டாக ஓடும் என்றாகிவிடும். இப்போதைக்கு நிறத்துக்கான ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு சேர்வரிலும் கையால் எழுதுகிறோம்.

"அப்" என்ற பெயரையும் விட்டு வைத்திருக்கிறோம். ஐந்து மெஷினிலும் அது இப்போது எதையும் ஏற்றாது. "தளத்தின் ஃபோல்டருக்குள் போய், எந்தச் சேர்வர் என்று சொல்லி ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்" என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். காக்காவின் விரல் பழக்கத்தில் இன்னும் சில நேரம் அதை அடிக்கும். வரியை வாசித்துவிட்டு, ஃபோல்டரை மாற்றி, சேர்வரின் பெயரை முழுதாக அடிப்பார்.